ஹைடல்பெர்க்: காலி வகுப்பறையும் பூட்டிய கடைகளும்

தம்பி, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பத்து மணிக்குப் போனால் வகுப்பறை காலி, ஞாயிறன்று அரிசி வாங்கக்கூடக் கடையில்லை, ஊருக்கே திரும்பிடலாமா என்று கேட்டிருந்தீங்க.

வகுப்பு ரத்தாகலை. அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' (c.t., அதாவது கால் மணி நேரம் தள்ளி) என்றிருந்தால் 10.15-க்குத்தான் தொடங்கும். 1386-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், பழைய வழக்கத்தை விடவில்லை. அரிசி பருப்பைச் சனிக்கிழமையே வாங்கிடுங்க. அவசரத்துக்கு ரயில் நிலையக் கடைகள் உண்டு.

இதைவிட முக்கியம், குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியணும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிக் கடிதத்தை இன்றைக்கே கேளுங்க. எனக்கு அது தாமதமாகி, வரி எண்ணும் தள்ளிப்போய் ரொம்பத் தவிச்சேன்.

மனசு கனத்தால் பழைய பாலம் தாண்டி, பிலோசோஃபன்வேக் பாதையில் ஏறுங்க. நெக்கார் ஆறும் இடிந்த கோட்டையும் எதிரே தெரியும். அங்கே உட்கார்ந்துதான் நான் அம்மாவிடம் பேசுவேன்.