வாடைக் குளிரில் கொல்லைக் கோழிகள்

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறோம். வீட்டுப் பின்புறம் தகரக் கூரை போட்ட கொட்டகையில் 12 நாட்டுக்கோழிகளும், இன்குபேட்டரில் பொரித்து வாங்கிய இரண்டு வாரக் குஞ்சுகள் 20-ம் வளர்த்து வந்தோம். சென்ற வாரம் திடீரென்று குளிர் கூடியதால், கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயால் இறுக மூடினோம். அப்படியும் மூன்று குஞ்சுகள் காலையில் மூலையில் இறந்து கிடந்தன. கூரையிலிருந்து நீரும் சொட்டுகிறது. இரவில் உள்ளே கரி அடுப்பு வைக்கலாமா?
— வாசகி, வாடிப்பட்டி

பதில்: கரி அடுப்பை அருள்கூர்ந்து வைக்காதீர்கள். மூடிய இடத்தில் கரி கனன்றால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. விடிவதற்குள் கொட்டகை முழுவதையும் அது அழித்துவிடக்கூடும்.

கூரையில் சொட்டும் நீர், கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து எழுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் குளிர்ந்த தகரத்தில் படிந்ததாகும். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பவைத்துக்கொண்டு நம் பக்கத்து மார்கழி, தை இரவுகளை அது எளிதில் தாங்கிக்கொள்ளும், ஆனால் நனைந்த இறகோடும் அம்மோனியா நெடியோடும் தாங்காது. ஆகவே வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தில் மட்டும் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வெயில் ஏறியதும் படுதாவைச் சுருட்டிவிடுங்கள். தரையில் இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி பரப்பி, நாள்தோறும் கிளறி, நனைந்த பகுதியை உடனே மாற்ற வேண்டும். ஈர உமிதான் இரத்தக்கழிச்சலுக்கு இடம் கொடுக்கிறது. மாலையில் கம்போ மக்காச்சோளமோ சற்றுக் கூடுதலாகப் போட்டால், அது செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் இரவில் கோழிக்கு உதவும்.

குஞ்சுகளின் நிலை முற்றிலும் வேறு. முதல் வாரத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி குறைவு என்பது கணக்கு; அதன்படி உங்கள் குஞ்சுகளுக்கு இப்போது 32 டிகிரி அளவில் வெப்பம் தேவை, அதைத் தரத் தாய்க்கோழியும் இல்லை. குளிர் தாங்காமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் அடியில் இருந்தவை மூச்சுத்திணறி இறந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. எனவே மூலையே இல்லாதபடி அட்டையையோ தகட்டையோ வட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். குஞ்சு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் போதும். எல்இடி பல்பு வேண்டாம், அதில் வெளிச்சம் உண்டே தவிர இதற்குப் போதிய சூடு இல்லை. பல்பின் அடியில் குஞ்சுகள் நெருக்கியடித்துக் கொண்டால் அதைச் சற்று இறக்குங்கள். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் ஏற்றுங்கள். பரவலாகப் படுத்திருந்தால் சூடு சரியாக இருக்கிறது. மின்சாரம் நின்றால் உடனே வைக்கோல் பரப்பிய கூடையில் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் சாவு தொடர்ந்து, எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கழுத்தும் திருகிக்கொண்டால், அது குளிரால் வந்ததன்று, வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம். அந்த அறிகுறி தெரிந்த அன்றே நோயுற்றவற்றைப் பிரித்து வைத்து, இறந்த குஞ்சு ஒன்றை பாலித்தீன் பையில் கட்டி அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.