பழைய எஸ்டீமுக்கு டிராக் ரேஸில் தனி வகுப்பு கிடைக்குமா?

கேள்வி: என்னிடம் அப்பா வாங்கிய 2004 மாருதி எஸ்டீம் இருக்கிறது, இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. டிராக் (drag) போட்டியில், அதாவது இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நேர்கோட்டில் ஓடும் ரேஸில், ஓட்ட ஆசை. ஆனால் புது டர்போ கார்களோடு ஒரே வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்கிறார்கள். வேலூரில் ஒருவர் 12,000 ரூபாய் கொடுத்தால் ‘வின்டேஜ் கிளாஸ்’ சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (வாசகர், காட்பாடி)

பதில்: வாங்காதீர்கள். மத்திய அரசின் 2021 விதிப்படி, முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் வின்டேஜ் என்று பெயர். உங்கள் எஸ்டீமுக்கு அந்தத் தகுதி வர 2054 ஆகும். அப்படியே வந்தாலும் ரேஸில் எந்த வகுப்பு என்பதற்கும் அந்தப் பதிவுக்கும் சம்பந்தம் கிடையாது. வகுப்பு எது என்று அந்தந்தப் போட்டியின் துணை விதிகளில் எழுதியிருக்கும், போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கிற ஸ்க்ருட்டினியர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கிற ஆள் எந்தத் தாளில் எந்த முத்திரை குத்திக் கொடுத்தாலும் அங்கே அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த மாதிரி ஆட்கள் பிழைப்பதே விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதாலும், கடைசி நேரத்தில் வெளிவருவதாலும்தான். தமிழ்நாட்டில் நடக்கிற போட்டிக்குத் தமிழில் இரண்டு பக்கம் அச்சடிக்க என்ன கேடு என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருவோம். நம் நாட்டில் பெரும்பாலும் சிசியை வைத்துத்தான் வகுப்பு பிரிக்கிறார்கள். எல்லாக் காரிலும் கார்புரேட்டர் இருந்த காலத்துக்கு அது போதும். இன்றைக்கு அது கேலிக்கூத்து. உங்கள் எஸ்டீம் 1298 சிசி, 85 குதிரைத்திறன். 2013-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1197 சிசிதான், ஆனால் டர்போ இருப்பதால் 105 குதிரைத்திறன். சிசி மட்டும் பார்த்தால் போலோ உங்களை விடச் சின்ன கார்! இதற்காகத்தான் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ பெட்ரோல் டர்போ இன்ஜினின் சிசியை 1.7 ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறது. பெருக்கினால் போலோ ஏறக்குறைய 2035 சிசி ஆகிவிடும், உங்களோடு நிற்காது. ஆகவே துணை விதிகள் கைக்கு வந்ததும் முதலில் டர்போவுக்குப் பெருக்கல் உண்டா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மட்டும் நீங்கள் கவலைப்படலாம்.

ஆனால் பழைய காருக்கு வருடத்தை வைத்துத் தனி வகுப்பு கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் கார் சுமார் 875 கிலோ, போலோ 1100-க்கு மேல். ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் கிட்டத்தட்ட பத்தரைதான் வரும். கம்பெனியில் வந்தபடியே நின்றால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்துகிற என்எச்ஆர்ஏ அமைப்பு தன் ஸ்டாக் (கம்பெனியில் வந்தபடியே இருக்கும் கார்) வகுப்புகளை இப்படி எடையைக் குதிரைத்திறனால் வகுத்துத்தான் பிரிக்கிறது, ஒரு மாடல் கணக்குக்கு மீறி ஓடினால் அதன் குதிரைத்திறனைத் தாளில் ஏற்றிவிடுவார்கள். அங்கேயும் சண்டை உண்டு. 2008-இல் ஃபோர்டு இறக்கிய கோப்ரா ஜெட் மஸ்டாங்குக்குத் திறனைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பழைய கார்க்காரர்கள் கத்தினார்கள். ஆனாலும் கத்துவதற்கு அங்கே ஒரு கணக்காவது இருந்தது. நம்மூரில் ‘ஸ்டாக்’ என்று எழுதிவிட்டு பெல்ட், பேட்டரி கிளாம்ப், ஹெல்மெட் பார்ப்பதோடு சரி. லேப்டாப்பைச் செருகி இன்ஜின் கம்ப்யூட்டரின் (இசியூ) அமைப்பை மாற்றி, அதாவது ரீமேப் செய்த போலோ அந்த 105-ஐ எப்போதோ தாண்டியிருக்கும், ஆனால் இசியூவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. உங்களுக்கு அநியாயம் நடப்பது இந்த இடத்தில்தான்.

எஸ்டீம் என்பதால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாருதியின் பழைய பலேனோ செடானின் 1590 சிசி இன்ஜினை எஸ்டீமில் இறக்குவது ரேஸ் பட்டறைகளில் ரொம்பப் பழைய வேலை. அப்படி இறக்கியிருந்தால் பாடி 2004 ஆக இருந்தாலும், ஆர்சியில் எஸ்டீம் என்றே இருந்தாலும், உங்கள் வகுப்பு 1590 சிசிக்குத்தான். பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணைப் படித்துப் பாருங்கள், ஜி13 என்று தொடங்க வேண்டும். ஜி16 என்றால் கதை வேறு. நாம் மாற்றவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், எப்போதாவது ஓவர்ஹாலுக்கு விட்டபோது மெக்கானிக் கிடைத்ததைப் போட்டிருக்கலாம், அப்பாவிடம் கேளுங்கள். ஸ்க்ருட்டினியில் மாட்டினால் கட்டிய பணம் போச்சு. ஆர்சியில் ஏற்றாமல் இன்ஜின் மாற்றிய வண்டி ரோட்டில் ஓடினால் அது தனித் தலைவலி.

‘பிராக்கெட்’ முறை நடத்துகிற இடம் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். தூரத்தை ஓடி முடிக்க 18 நொடி என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறீர்கள், பக்கத்துக் கார் 16 என்கிறது, உங்களுக்குப் பச்சை விளக்கு 2 நொடி முன்னால் எரியும். எழுதியதை விட வேகமாக ஓடினால் தோல்வி. கார் எந்த வருடம் என்ற பேச்சே அங்கே எழாது. அமைப்பாளர்களிடம் இதைச் சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது என்பார்கள். டக்வொர்த் லூயிஸ் புரிகிற ஜனத்துக்கு இது புரியாதா?

இப்போதைக்கு, காட்பாடிப் பக்கம் ஏதாவது லாரி எடை மேடையில் காரை ஏற்றி, நீங்களும் உள்ளே உட்கார்ந்து, சீட்டு வாங்கி வையுங்கள். அந்த எண் இல்லாமல் எந்த வகுப்பைப் பற்றியும் யாரோடும் வாதாட முடியாது. எவ்வளவு நொடியில் ஓடுகிறது என்று பார்க்க ராத்திரி பள்ளிகொண்டா ஹைவேக்குப் போகாதீர்கள், பொது ரோட்டில் ரேஸ் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம். இந்திய மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் போட்டி உரிமத்துக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள், அதற்கும் ஒருவர் கமிஷன் கேட்டு வருவார். அப்புறம் 2004 வண்டி என்றால் ஆர்சி 2019-இல் முடிந்திருக்கும், 5 வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் அதுவும் 2024-இல் முடிந்திருக்கும். அதை முதலில் பாருங்கள்.