கல்யாண விசிடியும் "கோடெக் இல்லை" தொல்லையும்

கேள்வி: 2003-இல் நடந்த எங்கள் கல்யாண வீடியோ மூன்று விசிடிகளில் இருக்கிறது. புது டெஸ்க்டாப்பில் சிடி டிரைவே இல்லை. கடையில் எச்டியாக மாற்றித் தர டிஸ்க் ஒன்றுக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: எச்டி என்ற சொல்லுக்காகக் கொடுக்க வேண்டாம். விசிடியில் படத்தின் அளவே 352-க்கு 288 புள்ளிகள்தான். பெரிதாக்கிக் காட்டலாமே தவிர, டிஸ்கில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது. முதலில், கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோவில் மூல டேப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது மினி டிவி (MiniDV, வீடியோ கேமராவில் போடும் சின்ன டிஜிட்டல் கேசட்) டேப்பாக இருந்தால் படம் 720-க்கு 576. அதை மாற்றித் தரக் காசு கொடுத்தால் தகும்.

டேப் கிடைக்காவிட்டால் யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி ரைட்டர் ஒன்று வாங்குங்கள். 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும்; மூன்று டிஸ்குக்குக் கடைக்காரர் கேட்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேபினட்டின் பின்பக்க யுஎஸ்பியில் நேராகச் செருகுங்கள். முன்பக்கத்திலோ நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளிலோ மின்சாரம் போதாமல் டிஸ்க் சுற்றிச் சுற்றி நின்றுவிடக்கூடும்; பலர் அதை டிரைவ் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

டிஸ்கைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் டிஏடி ஃபைல்கள் தெரியும். வீடியோ அவைதான், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் விழிக்கும். விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டால் ஓடும். ஆனால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி எடுங்கள், இருபது வருஷ டிஸ்க் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

சாதாரணமாகக் காப்பி செய்யும்போது பாதியில் "சைக்ளிக் ரிடன்டன்சி" என்று பிழை வந்து நிற்பது விசிடியில் சகஜம். டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு (பதிவு பிரித்து எழுதப்படும் சிறு பகுதி) 2,048 பைட் போக மீதி இடத்தில் பிழை திருத்தும் தகவல் இருக்கும். விசிடியில் அந்த இடத்தையும் வீடியோவுக்கே எடுத்துக்கொண்டு 2,324 பைட் எழுதியிருப்பார்கள். அதனால் சின்னக் கீறலுக்கே தடுமாறும். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் ரீட் ஸ்பீடைக் குறைத்து, "இக்னோர் ரீட் எரர்ஸ்" என்பதை டிக் செய்து, முழு டிஸ்கையும் இமேஜாக (டிஸ்கின் அச்சு அசல் நகலாக) எடுங்கள். கீறல் பட்ட இடத்தில் படம் சில விநாடி கட்டம் கட்டமாக உடையும், மற்றதெல்லாம் கிடைத்துவிடும். துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். லேபிள் பக்கம் உரிந்திருந்தால் அந்த இடம் போனது போனதுதான்; பதிவு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

டிவியில் பென் டிரைவ் போட்டுப் பார்க்க, விஎல்சியின் மீடியா மெனுவில் "கன்வெர்ட்/சேவ்" மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். மூலக் காப்பியை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தரம் கொஞ்சம் குறையும்.

கேள்வி: பழைய டிஜிட்டல் கேமரா எடுத்த எம்ஓவி ஃபைலைத் திறந்தால் கோடெக் இல்லை என்கிறது. தேடினால் "கோடெக் பேக் டவுன்லோட்" என்று ஏகப்பட்ட தளங்கள். குயிக்டைம் போடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: இரண்டுமே வேண்டாம். விண்டோஸுக்கான குயிக்டைமுக்கு ஆப்பிள் 2016-இலேயே பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. கோடெக் பேக் என்ற பெயரில் வைரஸ் ஏற்றிவிடுவதும் பழைய தந்திரம்.

எம்ஓவி, ஏவிஐ என்பதெல்லாம் வெறும் உறை. உள்ளே இருக்கும் கடிதம் எந்தக் கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதி விரித்துப் படிக்கும் எந்த முறையில், எழுதப்பட்டது என்பதுதான் விஷயம். அந்தக் காலக் கேமராக்கள் பெரும்பாலும் மோஷன் ஜேபெக் என்ற கோடெக்கைப் பயன்படுத்தின. அதற்கும், பழைய இன்டியோ வீடியோவுக்கும் வேண்டிய கோடெக் விஎல்சிக்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல்-ஜே அழுத்தினால் உள்ளே என்ன கோடெக் என்று காட்டும். விஎல்சியை, அதைத் தயாரிக்கும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். அது முழுக்க இலவசம். யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு வாங்கிய பழைய பாட சிடியில் எஸ்டபிள்யூஎஃப் ஃபைல்கள். விஎல்சியிலும் ஓடவில்லையே?
- வாசகர், மதுரை

பதில்: அது வீடியோ அல்ல, ஃபிளாஷ் நிரல். அதை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயரை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் கைவிட்டுவிட்டது. ரஃபிள் என்ற இலவச மென்பொருளின் டெஸ்க்டாப் பதிப்பில் திறந்து பாருங்கள். பழைய ஃபைல்கள் பெரும்பாலும் ஓடும். ஃபிளாஷின் நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவற்றில் சில தகராறு செய்யும். சிடியிலேயே இஎக்ஸ்இ ஃபைல் இருந்தால் அதை முதலில் முயலுங்கள், பிளேயர் அதற்குள்ளேயே இருக்கலாம். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரலாக இருந்தால் மட்டும் இன்றைய 64 பிட் விண்டோஸில் ஓடாது.

கேள்வி: சேர்த்து வைத்த ரியல் ஆடியோ பாட்டுகளில் சில ஓடுகின்றன, சில ஓடவே இல்லை. ஏன்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஃபைலின் அளவைப் பாருங்கள். ஆர்எம் என்று முடிந்து, ஓரிரு எம்பி இருந்தால் பாட்டு உள்ளே இருக்கிறது, விஎல்சி பாடும். ஆர்ஏஎம் என்று முடிந்து 1 கேபிகூட இல்லையென்றால் அதில் பாட்டே கிடையாது. நோட்பேடில் திறந்தால் ஒரு இணைய முகவரி மட்டும் தெரியும். அந்தத் தளம் மூடப்பட்டிருந்தால் எந்த மென்பொருள் வாங்கியும் பயனில்லை.