த்ரில்லர் ஓப்பனிங்: இரண்டு நிமிடத்துக்கு எத்தனை கேள்வி!

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) செமஸ்டருக்கு இரண்டு நிமிட த்ரில்லர் ஓப்பனிங் எடுப்பவர்கள் கேட்கலாம். ஷூட்டிங், ஒலி, எடிட்டிங் மட்டும். முழுக்கதையை அனுப்பி ‘எப்படியிருக்கு’ என்று கேட்டால் பதில் வராது.

திருச்சி மாணவி: அண்ணா, ஹாஸ்டல் ரூமில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தோம். கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடுது. ஃபோன் ரிப்பேரா?

ஃபோன் மேல் தப்பில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சோக் டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டர் (ஒரு ஃபிரேம் வெளிச்சத்தை வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தத் துடிப்பு முழுசாக அடங்கிவிடும். ஆட்டோவில் விட்டால் ஃபோன் 1/60, 1/120 என்று தானே தாவும், பட்டை அங்கேதான் பிறக்கிறது. பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். அதில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்து, ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) ஃபோகஸையும் லாக் செய்யுங்கள். ‘சினிமா லுக்’குக்கு 24 தான் வேண்டும் என்றால் வையுங்கள், ஷட்டர் மட்டும் அதே 1/50. மலிவு எல்இடி பல்பு சில சமயம் இதற்கும் அடங்காது. பல்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை. எடுத்துவிட்டதை எடிட்டில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முகத்தின் மேல் ஓடும் பட்டை முழுக்கப் போகாது. ஒரு ராத்திரி மறுபடி எடுத்துவிடலாம்.

கேட்காததையும் சொல்கிறேன்: அந்த ரூமில் ஃபேன் ஓடியதா? அதன் இரைச்சல் ஒலியில் ஏறும், நிறுத்திவிட்டு எடுங்கள்.

மதுரை மாணவர்: எந்த கேமரா வாங்கலாம் சார்?

வாங்க வேண்டாம், கையில் இருக்கும் ஃபோன் போதும். செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் முதலில் ஒரு காலர் மைக், அப்புறம் ஒரு ட்ரைபாட்.

கோவை மாணவர்: முதல் பத்து நொடியில் பிணம் விழணும், இல்லைன்னா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவாங்கன்னு எங்க டீம்ல சொல்றாங்க. சரிதானே?

பத்து நொடியில் ஏதாவது நடக்க வேண்டும் என்பது சரி. அது பிணமாக இருக்கத் தேவையில்லை. யாரென்றே தெரியாத ஆள் செத்தால் பார்ப்பவருக்கு என்ன நஷ்டம்?

இப்படி யோசியுங்கள். ஒரு பெண் வேலை முடிந்து தனியாக வீட்டுக்கு வருகிறாள். வாசலில் வெளிப்பூட்டு. உள்ளே தரையில் ஈரக் கால்தடம். மொத்தம் ஐந்து ஷாட்: பூட்டு, கால்தடம், பூட்டைத் திறக்கும் கை, பையை வைக்கும் அவள், சுவிட்சைத் தேடும் விரல். கால்தடத்தை அவள் நுழைவதற்கு முன்னால் வெட்டி வைத்தால் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சுவிட்ச் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். அதே ஷாட்டை லைட் எரிந்த பிறகு வைத்தால் அவளோடு சேர்ந்து ஒரு நொடி திடுக்கிடுவோம், அவ்வளவுதான். பார்ப்பவருக்குப் பாத்திரத்தைவிட ஒரு சங்கதி கூடத் தெரிய வேண்டுமா, குறையத் தெரிய வேண்டுமா? கேமராவை எடுக்கும் முன் டீம் முடிவு செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

(கால்தடம் வெள்ளை டைல்ஸில் தெரியாது. சிவப்பு சிமெண்ட் தரை தேடுங்கள். வெறும் தண்ணீர் லைட் சூட்டில் காய்ந்துவிடும், பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்தால் நிற்கும். வழுக்கும், நடிப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.)

சேலம் மாணவர்: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். 1954-இல் வந்த ‘அந்த நாள்’ துப்பாக்கி வெடிச்சு ஆள் விழறதுலதானே ஆரம்பிக்குது? அவர் யாருன்னே அப்போ நமக்குத் தெரியாதே!

நல்ல அடி. ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். இயக்குநர் எஸ். பாலசந்தர் அங்கே சுட்டது யார் என்பதை மறைத்துவிட்டு, மீதிப் படம் முழுக்க அதைத்தான் விசாரிக்கிறார். அந்தச் சாவுக்குப் பின்னால் ஒரு முழுப்படம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது 120 நொடி.

கோவை மாணவர்: எங்களுக்கும் ஓப்பனிங் மட்டும்தானே அண்ணா அசைன்மெண்ட்? பதில் சொல்லவே வேண்டாமே!

அதை ஒப்புக்கொள்கிறேன். கேள்வி மட்டும் போட்டுவிட்டு நிறுத்தலாம். ஆனால் ‘யார் கொன்றது’ என்று கேட்க வைக்க ஒரு தடயமாவது வேண்டும்: ஒரு கை, ஒரு வாட்ச், பாதியில் நின்ற ஃபோன் பேச்சு. வரும் ஸ்கிரிப்டுகளில் பிணமும் முகமூடியும் மட்டும் இருக்கிறது. முகமூடி தடயமில்லை.

சேலம் மாணவர்: அப்போ பிணத்தோட ஆரம்பிக்கலாம்னு சொல்றீங்க.

தடயத்தோடு ஆரம்பிக்கலாம் என்கிறேன். பிணம் கூடவே இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அலாரம் அடித்து எழுந்து, கண்ணாடி முன் முகம் கழுவும் ஓப்பனிங்கைவிட எவ்வளவோ மேல்.

நாகர்கோவில் மாணவி: ராத்திரி சீன் எல்லாம் ஒரே புள்ளி புள்ளியா வருது.

நடுராத்திரியில் எடுத்திருப்பீர்கள், வெளிச்சம் போதாமல் வரும் புள்ளி அது. சூரியன் மறைந்தபின் நம் பக்கம் சுமார் 20 நிமிடம் வானம் நீலமாக இருக்கும். வெளிக்காட்சியை அதற்குள் முடியுங்கள். ஒயிட் பேலன்ஸ் 3200 கெல்வின், எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) ஒன்றரை ஸ்டாப் குறைவு, ராத்திரி மாதிரியே தெரியும். ரிகர்சல் எல்லாம் ஐந்து மணிக்கே முடிந்திருக்க வேண்டும். மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் அடியில் முகத்தை வைக்காதீர்கள், தோல் நிறத்தை கிரேடிங்கில் (எடிட்டில் நிறம் திருத்தும்போது) மீட்க முடியாது.

தஞ்சாவூர் மாணவர்: எந்த ஃபோன் கேமரா பெஸ்ட்?

மதுரைக்குச் சொன்னதுதான்.

யாழ்ப்பாண மாணவி: டைட்டிலை ஒவ்வோர் எழுத்தாய் வரவிட்டால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாய் வருது அண்ணா. என்ன செய்யிறது?

இரண்டு கோளாறு இருக்கலாம். எழுத்தே உடைந்து தெரிந்தால், பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளின் பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றி, புது லேயரில் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். டைப்ரைட்டர் எஃபெக்டில் மட்டும் உடைந்தால் காரணம் வேறு: ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் ‘க’வும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு. எஃபெக்ட் அதைப் பிரித்துத்தான் காட்டும். சொல் சொல்லாக வரவிடுங்கள், அல்லது மாஸ்க் (எழுத்தை மறைக்கும் திரை) போட்டு இடமிருந்து வலமாகத் திறவுங்கள். ஒவ்வொரு பெயரும் நிதானமாக இரண்டு தடவை வாசிக்கும் நேரம் நிற்கட்டும். இயக்குநர் பெயர் கடைசியில்.

விழுப்புரம் மாணவர்: தண்டவாளத்துல ஓடற மாதிரி ஓப்பனிங்...

வேண்டாம். 1989 ரயில்வே சட்டம், பிரிவு 147: அத்துமீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ரயில் அதற்கு முன்பே வந்துவிடும்.

வேலூர் மாணவி: ரத்தம் எப்படிச் செய்வது?

பேக்கரி சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் ஒரு கப், சிவப்பு ஃபுட் கலர் இரண்டு டீஸ்பூன், கொக்கோ பவுடர் அரை டீஸ்பூன். கெட்டியாக இருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கொக்கோ போடாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி தெரியும். துணியில் கறை போகாது, ஒரே மாதிரி சட்டை இரண்டு வையுங்கள். எறும்பு வரும். கண்ணில் படக்கூடாது.

ஈரோடு மாணவர்: பயமுறுத்தும் பிஜிஎம் போட்டோம். எடிட்டில் ஹெட்ஃபோனில் அதிருது, கிளாஸில் போட்டா ஒண்ணுமே கேட்கல.

40 ஹெர்ட்ஸ் உறுமலை மட்டும் நம்பியிருப்பீர்கள். வகுப்பு ஸ்பீக்கர், லேப்டாப், ஃபோன் எதுவும் அதை எழுப்பாது. அதன் மேல் 150 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் இன்னொரு அடுக்கு சேருங்கள். அதற்கும் முன்னால், ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று 30 நொடி அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்தீர்களா? அது கீழே ஓடாவிட்டால் ஷாட் மாறும்போதெல்லாம் சத்தம் குதிக்கும், பிஜிஎம் அதை மூடாது. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டும் நிறுத்தம். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டு வைத்தால், கிளம்பும்போது திரும்ப ஆன் செய்ய மறக்க மாட்டீர்கள்.

கடலூர் மாணவர்: ஒரே நாளில் முடியுமா?

ஷாட்டுக்கு நான்கு நொடி என்றால் 30 ஷாட். கேமரா வைக்கும் இடம் 12-க்குள் அடக்குங்கள். இடத்துக்கு 25 நிமிடம், ஐந்து மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி சேருங்கள். 12 தாண்டினால் முடியாது.

திண்டுக்கல் மாணவர்: கேமரா வாடகைக்கு எடுக்கறதா, வாங்கறதா?

ஃபோன்! ஃபோன்!

கோவை மாணவர்: அண்ணா, டீம்ல பேசினோம். பிணம் இருக்கட்டும், கையில உடைஞ்ச வளையல் துண்டு வைக்கிறோம். போதுமா?

போதும். வளையலை முதலில் காட்டுங்கள், கை யாருடையது என்பதை அதற்கு நான்கைந்து ஷாட் கழித்து. கண்ணாடி வளையலை நடிப்பவர் கையில் வைத்து உடைக்காதீர்கள். தனியாக உடைத்து, முனையை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு வையுங்கள்.