இரண்டு கீபோர்டை மிடி கேபிளில் இணைத்தும் ஏன் சத்தம் வரவில்லை?

அவுட், இன் இரண்டையும் சரியாகச் செருகியும் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை என்கிறீர்கள். மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை. அந்தக் கேபிளில் சத்தம் போகாது, எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற செய்திதான் போகும். இரண்டாவது கீபோர்டின் ஆடியோ அவுட்டிலிருந்து மிக்ஸருக்குத் தனி வயர் கொடுத்தீர்களா?

நடு சி கட்டையை அழுத்தினால் மூன்று பைட் கிளம்பும். 'நோட் ஆன், சேனல் 1' (முதல் வரிசைக்கு, கட்டை அழுத்தப்பட்டது) என்பது ஒன்று, கட்டையின் எண் 60 அடுத்தது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது மூன்றாவது. மெல்லத் தொட்டால் 30, ஓங்கி அடித்தால் 120 என்று 127 வரை போகும். வினாடிக்கு 31,250 பிட் வேகம் என்பதால் மூன்றும் ஒரு மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். விரலை எடுத்தால் 'நோட் ஆஃப்' தனியாகப் போக வேண்டும்.

இதை நான் மேலூர் பக்கம் ஒரு பங்குனித் திருவிழாக் கச்சேரியில் கண்ணால் பார்த்தேன். ஸ்ட்ரிங்ஸுக்கு, அதாவது வயலின் கூட்ட ஒலிக்கு, தனி மாட்யூல் (கட்டையில்லாத ஒலிப் பெட்டி) வைத்து மிடியில் இணைத்திருந்தேன். கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பிடித்திருக்கும்போதே மேடையில் ஓடிய ஒரு பையனின் கால் பட்டுக் கேபிள் கழன்றுவிட்டது. கையை எடுத்துவிட்டேன், ஸ்ட்ரிங்ஸ் நிற்கவில்லை. பாடகர் திரும்பிப் பார்க்கிறார். 'அழுத்து' என்ற செய்தி போய்விட்டது, 'விடு' என்பது போக வழியில்லை. மாட்யூலை அணைத்துப் போட்ட பிறகுதான் அடங்கியது. அன்றிலிருந்து கேபிளை ஸ்டாண்டோடு டேப் போட்டு ஒட்டாமல் வாசிக்க உட்காருவதில்லை.

அதே மேடையில் ஜெனரேட்டரால் ஆடியோ வயர்களில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். மிடி வயர் வழியாக அது ஏறாது. வாங்கும் கருவிக்குள் செய்தி ஒளியாக மாறித் தாண்டுகிறது. இரண்டு கருவிக்கும் நடுவே மின்தொடர்பே கிடையாது. இப்படி யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். 1983 ஜனவரியில் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில் சீக்வென்ஷியல் கம்பெனியின் ப்ராஃபெட்-600 கீபோர்டையும், போட்டிக் கம்பெனியான ரோலண்டின் ஜூபிட்டர்-6 கீபோர்டையும் மிடியால் இணைத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்துக் கருவி இன்றைய கீபோர்டோடும் பேசும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆடியோ வயர் கொடுத்தும் வரவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். மொத்தம் 16 உண்டு. முதல் கீபோர்டு 1இல் அனுப்ப, இரண்டாவது 2இல் காத்திருந்தால் வாயே திறக்காது. பெரும்பாலும் கோளாறு இதில்தான் இருக்கும்.

அப்புறம், யூஎஸ்பி வழியாக இணைக்க நினைத்தால், கணினிக்கென்று வைத்த யூஎஸ்பி துளை மட்டுமே உள்ள இரண்டு கீபோர்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. நடுவில் கணினியோ யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும்.