நாலு மாசம் போகாதவன் எந்த முகத்தோடு போவான்?

(வாசகர் கேள்விகளுக்கு, 20 ஆண்டுகளுக்கு மேல் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்துவரும் சென்னையைச் சேர்ந்த சக ஆலோசகர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறான். 3 வருடமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தான். இப்போது 4 மாதமாக, எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து போன் வந்தால் கட் செய்கிறான். "இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு போறது?" என்கிறான். கெஞ்சினேன், திட்டினேன், அம்மா மேல் சத்தியமும் வாங்கிவிட்டேன். அவனை எப்படித் திரும்ப அனுப்புவது? உங்களுக்கு அவன் நம்பரைத் தரட்டுமா?
- ஓர் அக்கா, கொருக்குப்பேட்டை

பதில்: சத்தியத்தை இன்றே வாபஸ் வாங்கிவிடுங்கள், தங்கச்சி. அதை மீறிய குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவன் எப்படிப் போவான்?

நானும் ஓடினவள்தான். 2006-ல் சொந்த ஊருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனேன். அப்போதெல்லாம் காலை, இரவு என்று இரண்டு வேளை மாத்திரை. கூட்டம் நிறைந்த வீட்டில் எங்கே ஒளிந்து விழுங்குவது? அங்கே மாத்திரை நின்றதுதான், இரண்டு மாதம் ஆகிவிட்டது. திரும்பப் போனபோது ஒரு கவுன்ட்டரில், வரிசையில் எல்லோரும் கேட்க, "சாகணும்னு ஆசையா உனக்கு?" என்றார்கள். வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன். பூக்கூடையோடு ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்றார். மாத்திரையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அழுதுவிட்டேன். அவர் கேட்டது இட்லியை! அவரும் ஒரு வருடம் மருந்தை விட்டுத் திரும்பி வந்தவர். டீ வாங்கிக் கொடுத்து, கூடவே உள்ளே வந்தார். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இருந்ததால் அன்று யாரும் என்னைத் திட்டவில்லை.

அதனால் "ஏன் விட்டே?" என்று தம்பியைக் கேட்காதீர்கள். "கடைசியா எப்போ போட்டே?" என்று கேளுங்கள். காரணம் தானாக வரும், பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். ஒரு பையன், பையில் மாத்திரை டப்பா குலுங்குகிறது, கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள் என்று நிறுத்தியிருந்தான். டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தோம், சரியாகிவிட்டது. இன்னொருவருக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கவே பயம், பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று நினைப்பார்களாம். அங்கேதானே மெப்ஸ் என்கிற ஏற்றுமதிக் கம்பெனிகள் வளாகம் இருக்கிறது, கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று சொல்லேன் என்றேன். ஒரு டிபன் பாக்ஸும் எடுத்துக்கொண்டார்! உங்கள் தம்பிக்கு அரை நாள் ஆர்டர் போகிற கவலையாகவும் இருக்கலாம். மையம் தூரம் என்றால் மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், சென்னை ஜி.எச். மூன்றிலுமே ஏ.ஆர்.டி. மையம் உண்டு.

பேரை அடித்துவிட்டிருப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். அவன் கையில் இருக்கும் சிகிச்சைக் குறிப்பான பச்சைப் புத்தகம் தொலைந்திருந்தாலும், அவனுடைய சிகிச்சை விவரம் எழுதிய வெள்ளை கார்டு மையத்திலேயே இருக்கும். ஆனால் ஒன்று: வீட்டில் மிச்சம் கிடக்கிற மாத்திரையை அவனாகவே தொடங்கிப் பாதியில் மறுபடி விடக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமிக்கு மருந்து பழகிவிடும். டாக்டர் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். இருமல், காய்ச்சல், உடம்பு இளைப்பது, ராத்திரி வேர்வை ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சொல்லச் சொல்லுங்கள், டி.பி.யா என்று பார்ப்பார்கள். இப்படி இருந்தால் நாள் கடத்தவே கூடாது.

நம்பர் வேண்டாம். அவன் சம்மதம் இல்லாமல் நான் கூப்பிட்டால் முறையாகாது. 2018 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டமும் ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்கிறது. அவனையே எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்குப் பேசச் சொல்லுங்கள், கட்டணமில்லை. "என்னை மாதிரி மாத்திரை சாப்பிடுற ஒருத்தர் கூட வருவாங்களா?" என்று மைய ஆலோசகரிடமும் கேட்கலாம். நீங்கள் போவதானால் வாசல் வரை போங்கள், உள்ளே அவன் பேசட்டும். போகும் முன் வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள், டோக்கனுக்குக் காத்திருக்க நேரமாகும்.

கேள்வி: ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு டெஸ்டில் கிருமி "தெரியவில்லை" என்று வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா? டெஸ்ட் ரிசல்ட் சீட்டை லேமினேட் செய்யலாமா?
- வாசகர், அயனாவரம்

பதில்: நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் தெரியவில்லை, நிறுத்தினால் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். விடாமல் சாப்பிட்டு இந்த நிலையிலேயே இருக்கும்வரை உடலுறவால் உங்கள் துணைக்குத் தொற்றாது, அந்த நிம்மதியையும் ஏன் விட வேண்டும்? சீட்டைத் தாராளமாக லேமினேட் செய்யுங்கள். அந்த உற்சாகத்தில் பச்சைப் புத்தகத்தையும் கொடுத்துவிடாதீர்கள், டாக்டர் எழுதப் பக்கம் வேண்டும்.