உடல்நலக் கணக்கு வைக்கும் ஆப்களை நம்பலாமா?

சர்க்கரை, நடை, மாதவிலக்கு என்று எல்லாவற்றையும் போனில் குறித்து வைக்கிறோமே, யாராவது ஹேக் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹேக்கும் நடக்கும். 2018-இல், சாப்பாட்டுக் கணக்கு வைக்கும் மைஃபிட்னஸ்பால் ஆப்பிலிருந்து சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரம் களவு போனது. ஆனால் என்னைக் கேட்டால், திருடன் வருவதைவிட, நாம் நம்பிக் கொடுத்தவனே சாமானைக் கொல்லைப்புறமாக எடுத்துக் கொடுப்பதுதான் பெரிய கவலை.

ஃப்ளோ என்றொரு ஆப். மாதவிலக்குத் தேதி குறிக்க கோடிக்கணக்கான பெண்கள் வைத்திருந்தார்கள். தகவல் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தது. அந்தத் தகவல் ஃபேஸ்புக்குக்குப் போவதை 2019-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்க நாளிதழ் கண்டுபிடித்து எழுதியது. எப்படிப் போகிறது? யார் எதை அழுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க, பெரிய கம்பெனிகள் இலவசமாகத் தரும் நிரல் துண்டை ஆப்புக்குள் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் பொத்தானைத் தொட்டதும் அந்தத் துண்டு தன் முதலாளிக்குச் சேதி அனுப்பும். ஃப்ளோவிலிருந்து போன ஒரு சேதியின் பெயரே 'கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்ற பொருளில்தான் இருந்தது! கூடவே, இது எந்த போன் என்று விளம்பரக் கம்பெனிகளுக்குக் காட்டிக் கொடுக்கும் விளம்பர அடையாள எண்ணும் போகும். அப்புறம் பெயர் எதற்கு? 2021-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனோடு ஃப்ளோ சமரசம் செய்துகொண்டது. அதில் அபராதம்கூடக் கிடையாது.

நடை, ஓட்டம் குறிக்கும் ஆப்களில் சிக்கல் வேறு மாதிரி. ஸ்ட்ராவா என்ற ஆப், தன்னை வைத்திருப்பவர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து வெளியிட்ட உலக வரைபடத்தில், சிரியா, ஆப்கானிஸ்தான் பக்கம் ஆளில்லாத இடங்களில் பளிச்சென்று கோடுகள் தெரிந்தன. ராணுவ முகாமுக்குள் வீரர்கள் ஓடிய பாதை அது. 2018 ஜனவரியில் அதைக் கவனித்துச் சொன்னவர் ஒரு கல்லூரி மாணவர். நம் ஓட்டம் வீட்டு வாசலில்தானே தொடங்கி முடிகிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. அதை நம்பி மெத்தனமாக இருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு ஒரு சர்க்கரை ஆப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது திரையிலேயே தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. மீட்டரில் வந்த 186-ஐ எழுதி வைக்க என் சித்தப்பா நம்பர் எதற்கு? நான் வாய் திறப்பதற்குள் அப்பா 'சரி'யை அமுக்கிவிட்டார். செட்டிங்ஸில் போய் அனுமதியைப் பிடுங்கினேன். பிறகு ஆப்பே வேண்டாம் என்று முடிவானது. வெறுமனே நீக்கினால் போனிலிருந்துதான் போகும், அவர்கள் சர்வரில் அப்படியே கிடக்கும். அதனால் ஆப்புக்குள்ளேயே கணக்கை அழிக்கும் வழியைத் தேடினேன். நாலு திரை தாண்டி, 'உதவி'க்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

இப்போது சமையலறை மாதக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் சர்க்கரைக் கணக்கும் ஏறுகிறது. டாக்டரிடம் போகும்போது தாளைக் கிழித்து எடுத்துப் போகிறார். பால்காரர்தான் ஒருநாள் எட்டிப் பார்த்து, "சார், 210 ஏறியிருக்கே" என்றார்.